ஆர்மோனியப் பெட்டிய கிராண்ட்ஆர்க் ஆர்கன் சாஃப்ட்வேர்ல ஸ்டாப்பா சேர்த்தேன், மேல 19 கட்டை ஊமை. எங்க தப்பு?

ஒட்டுப்பால்:

வணக்கம் எல்லாருக்கும். மலேசியா, பேராக், ஊத்தான் மெலிந்தாங்ல இருந்து எழுதறேன், டவுன தாண்டி உள்ள போனா செம்பனைத் தோட்டம், அதுக்குள்ள ஒரு சின்ன மாதா கோயில், ஞாயித்துக்கிழமை பூசைக்கு கீபோர்டு வாசிக்கறது நான்தான். போன்ல தமிழ் மட்டும்தான் வெச்சிருக்கேன், அதனால செட்டிங்ஸ் பேரெல்லாம் தமிழ்லயே அடிக்கறேன், பொறுத்துக்குங்க.

கோயில்ல ஒரு பழைய ஆர்மோனியப் பெட்டி இருக்கு. 42 கட்டை, ரெண்டு வரிசை ரீடு (காத்துல அதிர்ந்து சத்தம் குடுக்கற உலோக நாக்கு). ரப்பர் பால்மரம் இருந்த காலத்துல இருந்து எங்க உபதேசியார் தாத்தா வாசிச்சது, இப்ப துருத்தி கிழிஞ்சு அதுல ஒட்டுப்போட்டு அந்த ஒட்டு மேலயும் ஒட்டுப்போட்டு ஒரு பாட்டு முடியறதுக்குள்ள கை வலி எடுத்துடும். தாத்தாவுக்கு வயசாயிடுச்சு, அவரு வாசிக்கறதில்ல, ஆனா பெட்டிய ஓரம் கட்டிட்டு நான் கீபோர்டு கொண்டாந்த நாள்ல இருந்து பூசை முடிஞ்சதும் "சத்தம் பிளாஸ்டிக் மாதிரி இருக்குப்பா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் மோட்டர் சைக்கிள எடுப்பாரு.

சரின்னு லேப்டாப்ல கிராண்ட்ஆர்க் போட்டேன், லேப்டாப்ப பைப் ஆர்கன் மாதிரி பேச வெக்கற சாஃப்ட்வேர், அது ஓசி. ஐரோப்பா கிராமத்து சர்ச் ஆர்கன் ஒண்ணோட சாம்பிள் செட்டும் (குழல் குழலா ரெக்கார்ட் பண்ணது) ஓசியாவே கெடைச்சது, ரெண்டு மேனுவல் (கையால வாசிக்கற கீ வரிசை), காலால வாசிக்கற பெடல் 27. ஈப்போவுல ஒரு செகண்ட் ஹேண்ட் 61 கீ கீபோர்டு 280 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன், மாமா பையன்கிட்ட இருந்து 49 கீ ஒண்ணு இரவல். ஆர்கன் சத்தம் வந்துச்சு, நல்லாவும் இருந்துச்சு, ஆனா தாத்தா முகம் மாறல. அப்புறம்தான் தோணுச்சு, அந்தப் பெட்டியவே ஒரு ஸ்டாப்பா, அதாவது ஆர்கன்ல இழுத்து விடற ஒரு தனி சத்தமா, உள்ள ஏத்திட்டா என்னன்னு.

ராத்திரி பத்து மணிக்கு மேல, செம்பனைக் குலை லாரியெல்லாம் ஓஞ்ச பிறகு, ஜன்னல சாத்திட்டு ஒரு வரிசை ரீடு மட்டும் தெறந்து ஒவ்வொரு கட்டையா ரெக்கார்ட் பண்ணேன். 42 வேவ் ஃபைல். ரெண்டு ராத்திரி ஆச்சு. ஆர்கன் ஃபைல (எந்த ஸ்டாப், எந்தக் குழல்னு எழுதி வெச்சிருக்கறது) காப்பி எடுத்து, அதுல முதல் மேனுவலுக்கு ஒரு ஸ்டாப் கூட்டி, 42 பைப்னு (குழல்) எழுதி லோட் பண்ணேன். ஸ்டாப் வந்துச்சு, சத்தமும் வந்துச்சு. இப்ப பிரச்சனை:

செட்டோட சொந்த ஸ்டாப் எது இழுத்தாலும் கீபோர்டுல மேல கடைசி 7 கீ பேசாது. ஆர்மோனியம் ஸ்டாப்ல மேல 19 பேசாது. பேசறதும் எல்லாம் ஒரு அக்டேவ் மேல கேக்குது, மிடில் சி அடிச்சா அதுக்கு மேல் சி வருது. ஹார்மோனிக் நம்பர்னு ஒண்ணு இருக்கே, அத 8ல இருந்து 4 ஆக்கினா ஒரு அக்டேவ் எறங்கும்னு நெனச்சு மாத்தினேன், ஒரு மாத்தமும் இல்ல. டியூனர் ஆப்ல பெட்டியோட முதல் கட்டைய புடிச்சா 130 ஹெர்ட்ஸ் சொச்சம் காட்டுது, அது சரிதானா?

இன்னொண்ணு, ரெண்டு கீபோர்டையும் மாட்டினா எதுல அடிச்சாலும் ரெண்டு மேனுவலும் சேர்ந்து கத்துது. யாராச்சும் வழி சொல்லுங்க, அடுத்த மாசம் கோயில் திருநாள்.


மிடி_மச்சான்:

மச்சான் 19 கீ பேசலன்னா கீபோர்டு காலி, செகண்ட் ஹேண்ட்ல இதான் தலைவலி. உள்ள கீக்கு அடியில ரப்பர் காண்டாக்ட் பட்டை இருக்கும், அது செத்துருக்கும். தெறந்து ஆல்கஹால் போட்டுத் தொட, இல்லன்னா பட்டைய மாத்து. ரப்பர் ஊருக்காரன் ரப்பருக்கு அலையறதப் பாரு 😂


கம்பிரீடு:

மச்சான் சொன்னத கேட்டு ஸ்குரூடிரைவர தூக்கிடாதீங்க தம்பி. காண்டாக்ட் செத்திருந்தா எல்லா ஸ்டாப்லயும் அதே கீதான் சாகும். உங்களுக்கு ஒரு ஸ்டாப்ல 7, இன்னொண்ணுல 19. கீபோர்டு நல்லாத்தான் இருக்கு, 280 வெள்ளி வீண் போகல.

எண்ணிப் பாருங்க. 61 கீ கீபோர்டு மிடி நம்பர் (ஒவ்வொரு கீக்கும் கீபோர்டு அனுப்பற எண்) 36ல ஆரம்பிச்சு 96ல முடியும். உங்க செட்டுல மேனுவலுக்கு எத்தனை கீன்னு நீங்க சொல்லல, ஆனா மேல 7 பேசலன்னா அது 54 கீ ஆர்கன், 36ல இருந்து 89 வரைக்கும், அதாவது மேல எஃப்போட நிக்கும். பழைய ஐரோப்பிய ஆர்கன்ல இது சகஜம். அந்த சர்ச்ல அதுக்கு மேல குழலே கெடையாது, குழல் இல்லாத எடத்துக்கு சாம்பிள் எங்க இருந்து வரும். ரிப்பேர்னு நெனச்சு நானே ஒரு காலத்துல ராத்திரி முழுக்க உக்காந்திருக்கேன். அந்த 7 கீ இல்லாததால ஒண்ணும் கெட்டுப்போகாது, பாக் ஆர்கனுக்கு எழுதினதுல பெரும்பாலும் 49ஆவது கீக்கு மேல கை போகாது, உங்க மாமா பையன் கீபோர்டே போதும்.

இப்ப 19க்கு வருவோம். 61ல 19 போனா மிச்சம் 42. ஆக உங்க 42 சாம்பிளும் வரிசையா பேசுது, ஒண்ணும் தொலையல, ஆனா உக்காந்த எடம் தப்பு. மேனுவலோட முதல் கீயில இருந்து அடுக்கிட்டீங்க. 8 அடி ஸ்டாப்னா (அடிச்ச கீயோட சுரமே பேசறது, 16 அடி ஒரு அக்டேவ் கீழ, 4 அடி ஒரு அக்டேவ் மேல) கீழ் சி 65 ஹெர்ட்ஸ் சொச்சம் வரணும். உங்க பெட்டியோட முதல் கட்டை 130 சொச்சம்னு நீங்களே சொல்லிட்டீங்க, அது கீழ் சி இல்ல, அதுக்கு ஒரு அக்டேவ் மேல உள்ள சி, மிடி 48. 42 கட்டை பெட்டிங்கறது சியில ஆரம்பிச்சு எஃப்ல முடியற மூணரை அக்டேவ், அப்ப 48ல இருந்து 89. மேனுவல் முடியறதும் அதே 89லதான்! பெட்டி மேல் பக்கம் மேனுவலோட ஒட்டி உக்காரணும், காலியா இருக்க வேண்டியது கீழ 12 கீ.

ஃபைல்ல உங்க ஸ்டாப் பகுதிய தெறங்க. பேரு ஒரே மாதிரி ரெண்டு வரி இருக்கும், இதுலதான் எல்லாரும் வழுக்கி விழறது. ஒண்ணு ஃபர்ஸ்ட் ஆக்சசிபிள் பைப் லாஜிக்கல் பைப் நம்பர். இன்னொண்ணு ஃபர்ஸ்ட் ஆக்சசிபிள் பைப் லாஜிக்கல் கீ நம்பர். முதலாவது எந்தக் குழல்ல இருந்து ஆரம்பம்னு சொல்றது, அது 1ஆவே இருக்கட்டும். ரெண்டாவது அந்தக் குழல் எந்தக் கீயில உக்காரணும்னு சொல்றது. அதுல நீங்க 1 போட்டிருப்பீங்க, 13 ஆக்குங்க. தாத்தாகிட்ட பேசும்போது மட்டும் இந்த 13அ கட்டைன்னு சொல்லிடாதீங்க, அவருக்குக் கட்டைன்னா சுருதி, 1 கட்டைன்னா சி, 4 கட்டைன்னா எஃப், 13 கட்டைன்னா உங்களுக்குக் காய்ச்சலான்னு கேப்பாரு.

ஹார்மோனிக் நம்பர திரும்ப 8 ஆக்கிடுங்க. 64அ அடியால வகுத்தா வர்ற நம்பர் அது, 16 அடிக்கு 4, 8 அடிக்கு 8, 4 அடிக்கு 16. டெம்பரமென்ட் (சுரங்களுக்கு சுருதி சேர்க்கற முறை) மாத்தும்போது சாஃப்ட்வேர் கணக்கு போட அது வேணும். ஒரிஜினல் டெம்பரமென்ட்ல ஓடுதுன்னா அத மாத்தி சத்தம் எறங்காது, அதான் உங்களுக்கு ஒண்ணும் நடக்கல.

ரெண்டு கீபோர்டு கதைய பாட்டு வாசிக்கற யாராச்சும் சொல்லட்டும். எனக்கு ஃபைல் நோண்டத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது.


ஒட்டுப்பால்:

அண்ணே!! 13 போட்டேன், மிடில் சி மிடில் சியா வந்துருச்சு. கரெக்டா நீங்க சொன்ன மாதிரி 54 கீதான், இப்பத்தான் ஃபைல்ல பாத்தேன். மேல அந்த 7 மட்டும்தான் ஊமை.

ஆனா இப்ப கீழ 12 கீ காலி. இடது கை பாதி நேரம் அங்கதான் இருக்கு, பேஸ் இல்லாம பாட்டு அந்தரத்துல நிக்குது. மேல் சாம்பிள அப்படியே ஒரு அக்டேவ் எறக்கிப் போடலாமா?


கம்பிரீடு:

போடலாம். ஒவ்வொரு பைப்புக்கும் பிட்ச் டியூனிங்னு ஒரு வரி எழுதி மைனஸ் 1200 சென்ட் குடுத்தா ஒரு அக்டேவ் எறங்கும். செஞ்சு கேட்டிருக்கேன், ஆள் மூக்கடைச்சுப் பேசற மாதிரி இருக்கும். எனக்குப் புடிக்காது.

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ரெண்டு வரிசை ரீடுன்னு சொன்னீங்களே, ஒரு வரிசைதானே ரெக்கார்ட் பண்ணீங்க? இன்னொண்ணு பேஸ் வரிசையா இருந்தா அது ஒரு அக்டேவ் கீழ பேசும். அந்த வரிசைய மட்டும் தெறந்து முதல் 12 கட்டைய எடுங்க. அது 36ல இருந்து 47. அதுக்கு மேல ஏற்கெனவே இருக்கற 42. பன்னண்டும் நாப்பத்திரெண்டும் அம்பத்திநாலு, உங்க மேனுவல்ல ஒரு கீ கூட பாக்கி இல்ல. ஒரே பெட்டியோட சொந்த ரீடு, செயற்கையா எறக்கினது ஒண்ணும் இல்ல.

எல்லாத்தையும் மறுபடி நம்பர் போட்டு எழுத வேணாம். ஸ்டாப்புக்குள்ள பைப் எழுதறத விட்டுட்டு ரெண்டு ரேங்க் (ஒரு குழல் வரிசை) பகுதியா பிரிச்சுடுங்க, பேஸ் ஒரு ரேங்க், மத்தது ஒரு ரேங்க். ஸ்டாப்ல ரெண்டு ரேங்கையும் கூப்பிட்டு, பேஸ் ரேங்குக்கு பைப் கவுன்ட் 12, முதல் கீ 1னும், அடுத்ததுக்கு முதல் கீ 13னும் குடுங்க. மேல ஆர்கன் பகுதியில நம்பர் ஆஃப் ரேங்க்ஸ் கூட்ட மறந்தா லோடே ஆகாம திட்டும். இதுல இன்னொரு லாபம் இருக்கு. பேஸ் வரிசை 42ஐயும் எடுத்துட்டீங்கன்னா, அதே ரேங்க முழுசா 13ஆவது கீயில இருந்து உக்கார வெச்சு இன்னொரு ஸ்டாப் கட்டலாம், அது 16 அடி ஸ்டாப் மாதிரி பேசும். ஒரே சாம்பிள் ரெண்டு எடத்துல வேலை செய்யும்.

வேவ் ஃபைல்ல லூப் பாயிண்ட் (கீய புடிச்சிருக்கும்போது திரும்பத் திரும்ப ஓடற பகுதிக்கு அடையாளம்) போட்டிருக்கீங்கதானே? ரிலீஸ், அதாவது கீய விட்டதும் வர்ற வால் சத்தம், எங்க ஆரம்பிக்குதுன்னு கியூ மார்க்கரும் வேணும். துருத்தி அமுக்கற வேகத்துல சத்தம் ஏறி எறங்கியிருக்கும், சமமா ஓடற எடமா பாத்து லூப் போடுங்க, ரொம்பக் குட்டியா போட்டா மிஷின் மாதிரி உறுமும்.


ஆல்டோ_அக்கா:

தம்பி, நான் கிள்ளான்ல ஒரு மெதடிஸ்ட் சபையில வாசிக்கறேன், கீபோர்டு விஷயம் நான் சொல்றேன்.

ரெண்டும் சேர்ந்து கத்தறதுக்குக் காரணம், ரெண்டு கீபோர்டுமே மிடி சேனல் 1ல அனுப்புது, நீங்க ரெண்டு மேனுவலையும் எந்த டிவைஸ்ல இருந்து வந்தாலும் வாங்கிக்கோன்னு விட்டிருப்பீங்க. ஸ்கிரீன்ல முதல் மேனுவல் மேல ரைட் கிளிக் பண்ணி மிடி டயலாக தெறங்க, ரிசீவ் டேப்ல டிவைஸ்னு ஒரு எடம் இருக்கும், அதுல 61 கீபோர்ட மட்டும் தேர்ந்தெடுங்க. ரெண்டாவது மேனுவலுக்கு 49. ரெண்டுக்கும் டிவைஸ் பேரு ஒரே மாதிரி வந்து குழப்பினா ஒண்ண சேனல் 2க்கு மாத்திட்டு சேனல வெச்சுப் பிரிங்க. 49ல அக்டேவ் பட்டன் இருக்கும் பாருங்க, அது ஏறியோ எறங்கியோ நின்னா எல்லாம் தப்பாத்தான் வரும், நடுவுல வெச்சுடுங்க, கீழ் கீ 36 அனுப்பணும்.

முடிச்சதும் ஃபைல் மெனுவுல சேவ் பண்ணுங்க!!! நான் ஒரு தடவ சனிக்கிழமை சாயந்தரம் ரெண்டு மணி நேரம் உக்காந்து எல்லாம் செட் பண்ணி, மூடும்போது கேட்டதுக்கு நோன்னு அமுக்கிட்டு, மறுநாள் ஆராதனையில முதல் பாட்டுக்குக் கை வெச்சா பேச்சு மூச்சில்ல. பாஸ்டர் திரும்பிப் பாத்த பார்வை இன்னிக்கும் ஞாபகம் இருக்கு.

பெடல் வாங்கிட்டியான்னு கேக்கல, வாங்கியிருக்க மாட்டீங்க, ஒரு பெடல் போர்டு விலைக்கு ஒரு பழைய மோட்டர் வாங்கலாம். நெறைய பேர் கீபோர்டு கீழ் அக்டேவ பிரிச்சு பெடலுக்குக் குடுப்பாங்க, மிடி டயலாக்ல லோவஸ்ட் கீ 36, ஹையஸ்ட் கீ 47னு போட்டு. செய்யலாம், ஆனா இடது கைக்கு எடம் போயிடும். அதவிட கப்ளர் (ஒரு மேனுவல்ல அடிக்கறத இன்னொண்ணுக்கும் அனுப்பறது) பேனல தெறந்து பாருங்க, ஒவ்வொரு மேனுவலுக்கும் 16, 8, 4, அதோட பாஸ், மெல்னு பட்டன் இருக்கும். கிரேட்ல (முதல் மேனுவல்) இருந்து பெடலுக்குப் போற பாஸ் பட்டன போடுங்க. நீங்க கிரேட்ல அமுக்கி வெச்சிருக்கற கீயில ஆகக் கீழ உள்ள ஒண்ண மட்டும் எடுத்து பெடலுக்கு அனுப்பும். பெடல்ல 16 அடி ஸ்டாப் ஒண்ணு இழுத்து விட்டா கால் இல்லாமலே கால் வாசிக்கும். எங்க சபையில நாலு பாட்டுக்கு அப்புறம் ஒரு பெரியவர் வந்து எனக்குக் கீழ குனிஞ்சு பெடல் எங்கன்னு தேடினார்.

ஒரே ஒரு பொறி. இடது கைய தூக்கிட்டீங்கன்னா வலது கையோட கீழ் சுரம்தான் அப்ப ஆகக் கீழ, அத எடுத்து பெடல் திடீர்னு உறுமும், மெட்டு நடுவுல மாடு கத்தின மாதிரி. அதனால இடது கை கிரேட், வலது கை மேல் மேனுவல்னு பிரிச்சு வாசிங்க. 27 பெடல்னா 62 வரைக்கும்தான், மிடில் சிக்கு அடுத்த டியோட சரி, இடது கை அதுக்கு மேல போனா பேஸ் காணாமப் போயிடும்.

ஆர்மோனியத்த தனியா இழுக்காதீங்க, அதோட செட்டுல இருக்கற ஒரு மெலிசான 8 அடி ஃப்ளூட்டையும் சேர்த்துக் கேளுங்க. நேர்ல ஒரு நல்ல ஆர்கன் கேக்கணும்னு ஆசையிருந்தா கோலாலம்பூர்ல பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் ஹால்ல இருக்கு, ஜெர்மனி பான்ல உள்ள கிளைஸ் கம்பெனி கட்டினது. அத கேட்டுட்டு வந்து லேப்டாப்ப கேட்டா கொஞ்ச நாளைக்கு எதுவுமே புடிக்காது, சொல்லிட்டேன்.


மிடி_மச்சான்:

சரி சரி காண்டாக்ட் இல்ல. ஒத்துக்கறேன். ஆனா ஆல்கஹால் போட்டுத் தொடச்சா நல்லதுதான் 😅


ஒட்டுப்பால்:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், கோச்சுக்காதீங்க, தோட்டத்துல வெட்டு சீசன், ராத்திரியும் லாரி ஓடுச்சு, ரெக்கார்ட் பண்ண அமைதி கெடைக்கல.

பேஸ் வரிசை 42ம் எடுத்துட்டேன். கம்பிரீடு அண்ணே சொன்ன மாதிரி ரெண்டு ரேங்க் பிரிச்சேன், நம்பர் ஆஃப் ரேங்க்ஸ் மறந்தேன், சொன்ன மாதிரியே திட்டுச்சு, மாத்தினேன், லோட் ஆச்சு. 54 கீயும் பேசுது. 12க்கும் 13க்கும் நடுவுல, பேஸ் ரீடு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கற எடத்துல சத்தம் கொஞ்சம் குதிச்சது, ஆர்கன் செட்டிங்ஸ்ல பேஸ் ரேங்குக்கு மட்டும் கெய்ன (சத்த அளவு) குறைச்சு விட்டேன், இப்ப தெரியல. பெட்டி சுருதி செட்ட விட மொத்தமா 20 சென்ட் தாழ்வா இருந்துச்சு, அதையும் அங்கயே டியூனிங்ல ஏத்திட்டேன், இல்லன்னா ஃப்ளூட்டோட சேர்த்தா அலை அலையா அடிச்சது.

அக்கா, பாஸ் கப்ளர் போட்டேன். மாடு கத்துச்சு. வலது கைய மேல் மேனுவலுக்கு மாத்தினேன், நின்னுருச்சு.

போன ஞாயிறு பூசைக்கு வெச்சேன், தாத்தாகிட்ட ஒண்ணும் சொல்லல. காணிக்கைப் பாட்டுக்கு அந்த ஸ்டாப்ப மட்டும் இழுத்தேன். தாத்தா மூணாவது பெஞ்சுல இருந்து எந்திரிச்சு ஓரமா துணி போட்டு மூடி வெச்சிருந்த பெட்டிகிட்ட போய் துணிய தூக்கிப் பாத்துட்டு வந்து உக்காந்தாரு. பூசை முடிஞ்சு வெளிய வந்து, "ரெண்டாவது சரணத்துல எதோ தவளை கத்துச்சே, கோயிலுக்குள்ள பூந்துருச்சா"ன்னு கேட்டாரு.

போய்க் கேட்டா ஆமா, நடு எஃப் ஷார்ப் சாம்பிள்ல ஒரு தவளை இருக்கு, லூப்புக்கு நடுவுல. கீய எவ்வளவு நேரம் புடிச்சிருக்கேனோ அவ்வளவு நேரமும் லூப் சுத்தி வர்றப்பல்லாம் ஒரு தடவ கத்துது. லூப்ப சின்னதாக்கினா அண்ணே சொன்ன உறுமல் வருது. அந்த ஒரு கட்டைய மட்டும் மறுபடி எடுக்கணும், ஆனா இங்க நாலு நாளா ராத்திரி மழை, கோயில் கூரை தகரம்.